விட்பியில் ஒரு கப்பல் விற்றோம்

விளம்பரத்துக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் அதிலேயே போயிற்று.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வாரநாட்களில் நான் கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடைத்தேன். சனிக்கிழமைகளில், தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கி வைக்கப்படும் வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பிழை திருத்தினேன். யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் இருந்தவன் என்பதால், ஸ்காபரோவில் நாங்கள் ஐந்து ஆண்கள் பகிர்ந்திருந்த அப்பாட்மென்டில் எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். வேலை விண்ணப்பம், குடிவரவுக் கடிதம், கல்யாண அழைப்பிதழ் எல்லாம் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு, எங்களுடன் இருந்த அண்ணை தன் கப்பலை விற்பதற்கு விளம்பரம் கேட்டார்.

அண்ணை எங்கள் ஐவரில் மூத்தவர், நாற்பத்திரண்டு வயது. காரைநகர்க்காரர். பதினொரு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியராக இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்தவர். இங்கே ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், நின்றுபோன இயந்திரங்களை மறுபடி ஓடவைப்பது அவருடைய வேலை. இரண்டு கோடைகளுக்கு முன்னர், ஏரிக்கரையிலுள்ள விட்பி துறையில் கரையேற்றிக் கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய மோட்டார் படகை, அது தன் கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்த ஒரு முதியவரிடமிருந்து வாங்கினார். எஞ்சின்கள் இரண்டும் இறுகிக் கிடந்தன. அவர் வாங்கியதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். ஓடுகிற எஞ்சினில் அவருக்கு அக்கறை குறைவு.

‘படகு விற்பனைக்கு’ என்று நான் முதலில் எழுதினேன்.

“படகெண்டால் துடுப்புப் போடுறது, தம்பி. இதிலை ரண்டு டீசல் எஞ்சின் கிடக்கு.”

“அப்ப வள்ளம்?”

“மீன் பிடிக்கப் போறமோ?”

“லோஞ்ச் எண்டு போடுவம்.”

“நயினாதீவுக் கோயிலுக்குப் போற லோஞ்செண்டு ரிக்கற் கேட்டுச் சனம் வரும்.”

‘உல்லாசப் படகு’ என்று எழுதிக் காட்டினேன். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அப்படித்தான் போடுவார்கள் என்றேன். அவர் பேனையை என் கையிலிருந்து வாங்கி முதற் சொல்லை வெட்டினார். ஒரு கோடு போதாதென்று மூன்று கோடு.

“உந்தப் பேப்பர் ஆற்றையேன் கையிலை கொழும்புக்குப் போய், அவ வாசிச்சா எண்டால் நான் துலைஞ்சன். ஆறு வருசமாய்த் தனிய இருக்கிற மனிசனுக்கு என்ன உல்லாசம் எண்டு கேப்பா.”

அவ என்றது அவருடைய மனைவியை. கடைசியில் ‘கப்பல்’ என்று போடச் சொன்னார். முப்பத்துநான்கு அடி நீளமான ஒன்றைக் கப்பல் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

“எஞ்சின் அறை கிடக்கு. அதுக்குள்ளை எஞ்சினியர் ஒருத்தன் கிடக்கிறான். பிறகென்ன?” என்றார்.

கேள்விப்பட்டதை எழுதுவதில்லை என்பது பழைய பழக்கம். எனவே மறுநாள் ரயிலேறி விட்பிக்குப் போய், உள்ளே இறங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்தேன். நான்கு பேர் படுக்க இரண்டு அறைகள். எரிவாயு அடுப்பும் சிறிய குளிர்சாதனப் பெட்டியும் உள்ள குசினி. கழிவறை. ரேடார், வானொலித் தொடர்புக் கருவி, ஆழம் காட்டும் கருவி. பொத்தானை அழுத்தினால் தானே நங்கூரத்தை இழுக்கும் சக்கரம். ஆறு மிதவைச் சட்டைகள். காற்றடிக்கும் சிறு ரப்பர் படகு. எஞ்சின் அறையின் தரையில் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. அந்த ஏரியில் கரையோரமாக எந்தத் துறைக்கும் போகக்கூடிய, முப்பது வயதுக் கப்பல்.

இவ்வளவையும் செய்து முடித்த மனிதர் அதை ஏன் விற்கிறார் என்பதற்குக் காரணம் அவருடைய சட்டைப்பையில் மடித்து வைத்த ஒரு கடிதத்தில் இருந்தது.

அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவர். கனடா விசாவுக்காகக் கொழும்புக்கு வரவேண்டியிருந்தபோது போரால் தரைவழி மூடியிருந்தது. எல்லோரையும்போல அவரும் கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தார். அவருக்குப் பின்னால் வந்த வள்ளம் கரைக்கு வரவில்லை. அதற்கு மேல் அவர் எழுதவில்லை. அண்ணை எனக்குக் காட்டிய பகுதி இதுதான்: ‘தண்ணிக்கு மேல் மிதக்கிற எதிலும் இனிக் கால் வைக்கமாட்டேன் என்று அம்மாளாச்சிக்குச் சொல்லிப்போட்டேன். அது என் நேர்த்திக்கடன். நீங்கள் அதில் போய்வந்துகொண்டிருந்தால் நான் ஒவ்வொரு முறையும் கரையில் நின்று சாகவேண்டும். அதைக் கொடுத்துப்போடுங்கோ.’

‘நீர் கனடா வரும்போது அது இராது’ என்று அண்ணை மனைவிக்குப் பதில் எழுதிவிட்டார். விசா எந்த வாரமும் வரலாம் என்ற நிலை.

தமிழ்ப் பத்திரிகையில் ‘கப்பல் விற்பனைக்கு’ வெளிவந்த வெள்ளிக்கிழமை மாலை ரெலிபோன் அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பை நான்தான் எடுத்தேன்.

“கப்பல் எப்ப வெளிக்கிடுது?” ஒரு பெண் குரல்.

“இது விக்கிற கப்பல், அன்ரி.”

“அது விளங்குது. பெட்டி ஒண்டுக்கு என்ன எடுக்கிறியள்? வீட்டை வந்து ஏத்துவியளோ?”

அக்காலத்தில் எங்கள் சனத்துக்குக் கப்பல் என்றால் ஒன்றுதான்: ஊருக்குச் சாமான் அனுப்புவது. விமானத்தில் அனுப்பினால் விலை, கப்பலில் அனுப்பினால் மலிவு. ‘விற்பனைக்கு’ என்பதை ஏதோ மலிவு விற்பனை என்று வாசித்திருந்தார்கள். இரண்டு நாட்களில் பத்தொன்பது பேர் பெட்டி அனுப்பக் கேட்டார்கள். ஒருவர் தையல் மெசினைக் கழற்றி அனுப்புவதா, முழுதாக அனுப்புவதா என்று கேட்டார். அண்ணை அவருக்குக் கால் மணித்தியாலம் செலவழித்து, அதை எப்படிக் கழற்றுவது என்று விளக்கினார்.

ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் வேறு கேள்வி கேட்டார். “எத்தினை பேரை ஏத்தலாம்?”

அண்ணைக்கு மகிழ்ச்சி. முதல் உண்மையான ஆள். “நாலு பேர் வசதியாய்ப் படுக்கலாம்.”

மறுமுனைக் குரல் இன்னும் தாழ்ந்தது. “நாலு பேரோடை உங்களுக்குக் கட்டுப்படி ஆகுதோ, அண்ணை?”

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உவன் என்னை ஆள் கடத்திற ஏஜென்சிக்காரன் எண்டு நினைச்சுப்போட்டான்.” எங்களுடன் இருந்த மற்ற மூவரும் சிரித்து முடிய இரவுச் சாப்பாடு ஆறிவிட்டது.

பிறகு விட்பி அடங்கும் டர்ஹம் பகுதி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினேன். பழையது, எல்லா வசதிகளும் உள்ளது, கரையோரப் பயணத்துக்கு ஏற்றது. அண்ணை வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“எல்லா வசதியும் எண்டு போடாதையும்.”

“ஏன், இல்லையோ?”

“இருக்கு. அதுதான் சொல்லுறன்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அண்ணைக்கு நாவூறில் நம்பிக்கை. ஒரு பொருளை ஒருவர் நல்லது, வடிவானது என்று வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பொருளுக்குக் கேடு வரும். ஆகவே அதற்கு முன்னதாகவே சொந்தக்காரர் அதில் குறை சொல்லிவிட வேண்டும். நல்லாய் வளருகிற பிள்ளையை ‘என்ன, மெலிஞ்சு போனான்’ என்று சொல்லுவதைப்போல. எங்கள் ஊரில் இதில் புதுமை ஒன்றும் இல்லை. விற்பனைக்கு வைத்த பொருளில் இதைச் செய்யக்கூடாது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் பார்க்க வந்தவர் பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு கட்டுபவர். பெரிய கைகள். எஞ்சின் அறைக்குள் தலையை நீட்டி, ஒரு எஞ்சினைத் தட்டிக்கொடுத்து, தன் மொழியில் “என்ன வடிவு” என்றார்.

அண்ணை உடனே முன்னால் வந்தார். “இல்லை, இல்லை. பழசு. மிகவும் பழசு. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது.”

அந்த மனிதர் கையைச் சுட்டுக்கொண்டவர்போல எடுத்துவிட்டார். அறைகள் நல்ல உலர்வாக இருப்பதாகச் சொன்னார். தண்ணீர் வரும் என்றார் அண்ணை. தண்ணீர் வந்ததே இல்லை. ஐந்து நிமிடத்தில் அந்த ஆள் நன்றி சொல்லிப் போய்விட்டார்.

ரயிலில் திரும்பும்போது கேட்டேன். “நீங்கள் விக்கிறியளோ, இல்லாட்டி அந்தாளைக் காப்பாத்துறியளோ?”

“நீர் பாத்தனீர்தானே. தொட்டுச் சொல்லிப்போட்டான். அவன் காரிலை ஏற முந்தி எஞ்சினிலை ஒரு பெல்ற் எண்டாலும் அறுந்திருக்கும்.”

“அறுந்ததோ?”

“அதுக்குத்தானே நான் முந்திக்கொண்டு சொன்னனான்.”



அடுத்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். அவர்களைப் பாராட்ட விடாமல் நான் பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் சரியாகப் போயிற்று. கடைசியில் மூத்தவர், இப்படிப் பழைய பொருள் வாங்குபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இவ்வளவு வேலை செய்துவிட்டு ஏன் விற்கிறீர்கள்?

“சிம்ப்ளி” என்றார் அண்ணை.

சும்மா என்பதற்கு எங்கள் சனம் கண்டுபிடித்த ஆங்கிலம் அது. இலங்கையில் எவருக்கும் விளங்கும். விட்பியில் அதைக் கேட்ட இரு சகோதரர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் சொல்லாமல் விற்கப்படும் கப்பலில் ஓட்டை இருக்கும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. அவர்களும் திரும்பி வரவில்லை.

“உள்ளதைச் சொல்லுங்கோவன், அண்ணை.”

“என்ரை மனிசி பட்டதைக் கண்ட கண்ட ஆக்களுக்குச் சொல்லி விக்கிறதோ? அது அவவின்ரை கதை.”

அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மூன்றாவதாக, ஏரிக்கரையில் கிழக்கே உள்ள கோபேர்க்கிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரரும், ஓய்வுபெற்ற தாதியும். தபால்காரர் கப்பலிலுள்ள ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து மூடினார். கடிதப் பெட்டிகளோடு வாழ்ந்த மனிதரின் பழக்கம். தாதி கப்பலைப் பெரிதாகப் பார்க்கவில்லை, அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார். அண்ணை சிம்ப்ளி என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வரமாட்டாத மனிதர்கள் சொல்லும் குரலில் அந்தத் தாதி அதைச் சொன்னதாக எனக்குப் பட்டது.

அன்றிரவே கொழும்பிலிருந்து அழைப்பு. விசா வந்துவிட்டது, ரிக்கற்றும் போட்டாயிற்று. சனிக்கிழமை மனைவி வந்து இறங்குகிறார்.

அண்ணை ஏற்கெனவே அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் ஓர் அறை கொண்ட அப்பாட்மென்ட் எடுத்து வைத்திருந்தார். நான்கு நாட்களில் நாங்கள் ஐந்து பேருமாக அதற்கு வெள்ளை அடித்தோம். கட்டில், திரைச்சீலை, அரிசி, சாமிப்படம் எல்லாம் வந்து சேர்ந்தன. அண்ணை தண்ணீர்க் குழாய்களைக் கழற்றிப் பூட்டினார். அவற்றில் பழுது இருக்கவில்லை. எல்லாம் ஆயத்தம். கப்பல் மட்டும் விட்பியில் அப்படியே நின்றது.

விமான நிலையத்தில், ஆறு வருடங்களுக்குப் பிறகு சந்தித்த இருவரும் கையைக்கூடப் பிடிக்கவில்லை. அண்ணை பெட்டிகளை எண்ணினார். அண்ணையின் மனைவி, எனக்கு இனி அக்கா, அவருடைய தலைமயிரைப் பார்த்து, “கொட்டுண்டுபோச்சு” என்றார். இரவல் வாங்கிய காரை நான் ஓட்ட, அவர்கள் பின்னால் இருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஏறுமுன்பே அக்கா கேட்டுவிட்டார்.

“அது வித்துப் போச்சுதோ?”

அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். “இல்லை.”

 பின்னால் காட்டும் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏன் போகேல்லை?”

“ஆக்கள் வருகினம். பாக்கினம். போகினம்.”

“இவர் ஒவ்வொருத்தருக்கும் குறை சொல்லி அனுப்பிறார், அக்கா” என்றேன் நான். காட்டிக்கொடுத்த குற்றத்தை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

“நாளைக்கு ஆரும் வருகினமோ?”

“ஒரு சோடி வாறம் எண்டவை.”

“அப்ப நானும் வாறன்.”

செப்டம்பர் மாதம், நல்ல வெயில். அக்கா அண்ணையின் பனிக்காலக் கோட்டைப் போட்டுக்கொண்டு விட்பி துறைக்கு வந்தார். கப்பல்கள் எல்லாம் மிதக்கும் பலகை மேடைகளில் கட்டப்பட்டிருந்தன. அக்கா கொங்கிறீற் சுவரின் விளிம்பில் நின்றுவிட்டார். முதற் பலகையைச் செருப்பு நுனியால் மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“உது ஆடுது. உதுவும் மிதக்கிற கணக்குத்தான்.”

அண்ணை துறைக் காரியாலயத்திலிருந்து ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அக்கா அதில் உட்கார்ந்து, முப்பது அடி தூரத்தில் நின்ற கப்பலை நீண்ட நேரம் பார்த்தார். வெள்ளை உடல், மர வாசல், சன்னல்களுக்கு அண்ணை தைத்துப் போட்ட நீலத் திரைகள்.

“சீலை ஆர் தைச்சது?”

“நான்தான்.”

“ஒழுங்காய்த்தான் தைச்சிருக்கிறியள்” என்றார். அண்ணை வாயைத் திறந்தார், குறை சொல்லத்தான். பிறகு மூடிக்கொண்டார்.

கோபேர்க் தம்பதி வந்தார்கள். நான் நினைத்தது பிழை. தபால்காரர் தொப்பியும் புதுச் சப்பாத்துமாக வந்திருந்தார். அவரும் அண்ணையும் கப்பலை எடுத்துக்கொண்டு துறைவாயிலைத் தாண்டிப் போனார்கள். தாதி போகவில்லை. தனக்குக் கப்பலைப் பற்றித் தெரியாது, ஆட்களைப் பற்றித்தான் கொஞ்சம் தெரியும் என்று சொல்லி, புற்றரையில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கப்பல் வெளியே போனபோது அக்கா கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்திருந்தார். தாதி அதைக் கவனித்தார். பிறகு, ஏன் விற்கிறீர்கள் என்ற அதே கேள்வியைக் கேட்டார்.

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். அக்கா என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, வகுப்பில் நின்று பாடம் எடுக்கும் ஆங்கிலத்தில், முழுமையான வசனங்களில் சொன்னார்: எங்கள் வீதி மூடப்பட்டிருந்தது. நான் ஓர் இரவு சிறிய வள்ளத்தில் கடல்நீரேரியைக் கடந்தேன். பின்னால் வந்த வள்ளத்தில் என்னோடு படிப்பித்த ஆசிரியை இருந்தார். அந்த வள்ளம் வந்து சேரவில்லை. கரையில் கால் வைத்ததும், இனி மிதக்கும் எதிலும் ஏறுவதில்லை என்று கடவுளுக்கு வாக்குக் கொடுத்தேன். என் கணவர் எனக்கு வாக்குக் கொடுத்தார். இதுதான் காரணம். வேறு இல்லை.

நான் செய்தி எழுதிய காலத்தில் இதை நாற்பது வரியில் எழுதியிருப்பேன்.

“அப்படியானால் உங்கள் கணவர் சிம்ப்ளி என்று சொன்னாரே?” என்றார் தாதி.

அக்கா சிரித்தார். கனடாவில் அவர் சிரித்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “எங்கள் மொழியில் காரணம் இல்லை என்பதற்கும் அந்தச் சொல்தான். காரணத்தைச் சொல்லமாட்டேன் என்பதற்கும் அதே சொல்தான்” என்றார். பிறகு, “அந்தப் படகில் ஒரு பிழையும் இல்லை. பிழை நான் வந்த வள்ளத்தில்தான்” என்றார்.

தாதி அவருடைய கைமேல் தன் கையை வைத்தார். கப்பல் திரும்பி வருவது தெரியும்வரை எடுக்கவில்லை.

அண்ணை அதைப் பலகை மேடைக்குக் கொண்டுபோகாமல் நேரே கொங்கிறீற் சுவரோடு கொண்டுவந்து அணைத்தார். தபால்காரரின் முகம் சிவந்திருந்தது. இறங்கும்போதே மனைவியிடம் சொல்லத் தொடங்கினார்: இப்படி ஒரு எஞ்சினைத் தான் கேட்டதே இல்லை, தையல் மெசின்போல ஓடுகிறது, வெண்ணெய்போலத் திரும்புகிறது.

அண்ணை முன்னால் வந்தார். “இல்லை, இல்லை—”

“இஞ்சாருங்கோ” என்றார் அக்கா தமிழில். “வாயைப் பொத்துங்கோ. நாவூறை நான் பாக்கிறன். உப்பும் செத்தல் மிளகாயும் உதுக்குள்ளை கிடக்கோ?”

“குசினியிலை, வலக்கைப் பக்கம், ரண்டாம் தட்டு” என்றார் அண்ணை. அவருக்கு இது நியாயமான கேள்வியாகவே பட்டது.

நான் போய் எடுத்துவந்தேன். காய்ந்த மிளகாயையும் உப்பையும் கைக்குள் பொத்திக்கொண்டு, அக்கா சுவரின் விளிம்பில் நின்றபடியே கப்பலின் மூக்குக்கு நேரே மூன்று தரம் சுற்றினார். உதடு அசைந்தது. கோபேர்க் தம்பதி அசையாமல் பார்த்தார்கள். பிறகு சுற்றும்முற்றும் நெருப்புத் தேடினார். இருபது அடி தள்ளி, பக்கத்துப் படகுக்காரர் ஒருவர் கரி அடுப்பில் சொசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். அக்கா நேரே போய், “எக்ஸ்கியூஸ் மீ, சேர்” என்று சொல்லிக் கையிலிருந்ததை அவருடைய நெருப்பில் போட்டார்.

செத்தல் மிளகாய் கருகினால் எப்படியிருக்கும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சொசேஜ்காரர் முதலில் இருமினார். பிறகு தபால்காரர். பிறகு தாதி, கண்ணீர் வழிய, தொண்டையைப் பிடித்துக்கொண்டு. ஒரு நாய் தும்மியது. நான் புற்றரையில் குனிந்திருந்தேன். அண்ணை மட்டும் இருமலுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றார். நாவூறு இருந்தால் மிளகாய் கமறாது. எல்லோருக்கும் கமறினால் நாவூறு இல்லை. அது கணக்கு.

“ஒரு துளியும் இல்லை” என்றார் திருப்தியாக.

“இது என்ன?” என்று தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

“இன்சூரன்ஸ்” என்றேன்.

தாதி அழுகையும் சிரிப்புமாகக் கணவனைப் பார்த்தார். “வாங்கு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொசேஜ்காரருக்கு அண்ணை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து இரண்டு பியர் கொடுத்துச் சமாதானம் செய்தார். இரண்டு தம்பதிகளும் சுவரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். நான் சாட்சி.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. தபால்காரருக்கு அவ்வளவு தூரம் ஓட்டத் துணிவில்லை. அடுத்த சனிக்கிழமை கோபேர்க்வரை கப்பலைக் கொண்டுவந்து தரமுடியுமா என்று கேட்டார். அண்ணை மனைவியைப் பார்த்தார். கொடுத்த வாக்கு நிறைவேற இன்னும் ஒரு பயணம் மிஞ்சியிருந்தது, அதற்கு மனைவியின் சம்மதத்தைத் தானாகக் கேட்க அவரால் முடியவில்லை.

“எத்தினை மணித்தியாலம்?” என்றார் அக்கா.

“அஞ்சு. காத்து எதிர்த்தால் ஆறு.”

“கரை தெரியிற தூரத்திலையோ போவியள்?”

“முழு வழியும்.”

அக்கா யோசித்தார். “அப்ப நான் கரையாலை வாறன்.”

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு அண்ணையும் கோபேர்க் தம்பதியும் கப்பலில் புறப்பட, நானும் அக்காவும் அதே இரவல் காரில் ஏரியை ஒட்டிய பழைய வீதியால் கிழக்கே போனோம். கப்பலிலிருந்த தொலைநோக்கியை அண்ணை அவரிடம் கொடுத்திருந்தார்.  அக்கா தண்ணீர் தெரிகிற ஒவ்வொரு தெருமுனையிலும் நிறுத்தச் சொல்லி, இறங்கி, விளிம்புவரை போய், வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து, மறுபடி ஏறினார். போமன்வில்லில் கோப்பி வாங்கினேன். கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

அடுத்த நிறுத்தத்தில் அரைவாசி குடித்தார்.

அதற்கடுத்ததில் பொறுமை இழந்தார். “உவர் ஏன் இவ்வளவு ஆறுதலாய்ப் போறார்? எஞ்சின் நல்லதெண்டல்லோ சொன்னவை.”

“எட்டு நொட் வேகத்திலைதான் போகவேணும், அக்கா. இது ஓட்டப்பந்தயமில்லை.”

“சைக்கிளிலை போகலாம்.”

போர்ட் ஹோப்பில் ஏரிக்கரைக் கற்களில் இறங்கி நின்று சால்வையை வீசினார். கப்பல் ஊதியது. இன்னொரு தரம் வீசினார். இன்னொரு தரம் ஊதியது. நாய் நடத்திக்கொண்டு போன இரண்டு பேர் நின்று, என்ன விஷயம் என்று தெரியாமலே தாங்களும் கையை ஆட்டினார்கள். அக்கா காருக்குத் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது, செருப்பு நனைந்திருந்தது.

“கெதியாய் எடும், தம்பி. நாங்கள் முந்த வேணும்.”

முந்தினோம். கோபேர்க் துறையில் ஏரிக்குள் நீண்டு கிடந்த கொங்கிறீற் அணை அசையாதது. அக்கா காலால் தட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டு அதன் நுனிவரை நடந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்துக் கப்பல் உள்ளே திரும்பியது. தபால்காரர்தான் சுக்கான் பிடித்திருந்தார்; அண்ணை அவருக்குப் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவரை நெருங்கியதும் முன்பக்கம் வந்து கயிற்றை எடுத்தார். என்னைத் தேடினார். நான் தூரத்தில், காரைப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

“எறியுங்கோ” என்றார் அக்கா.

எறிந்தார். கயிறு அக்காவின் கையில் விழுந்தது. ஈரக் கயிறு; அவர் அதை விடாமல் இரண்டு கையாலும் இழுத்து, பக்கத்திலிருந்த இரும்புக் கட்டையில் சுற்றத் தொடங்கினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. எப்படி முடிச்சுப் போடுவது என்று தெரியவில்லை. அண்ணை மேலே நின்று சொல்லச் சொல்ல, வலப்பக்கம், கீழாலை, இனி இறுக்கும் என்று, அக்கா முடிச்சைப் போட்டார். கப்பல் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது.

அக்கா கையைக் கோட்டில் துடைத்தார்.

“கட்டியாச்சு” என்றார். “இனி இறங்கி வாங்கோ.”